பேச்சாளரை அழைத்துவிட்டு நாமே பேசுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் உரை நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை, வந்தாலும் கைத்தொலைபேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்ற ஆதங்கம் பத்திரிகைகளில் மட்டுமல்ல, கல்யாணப் பந்தியிலும் காதில் விழுகிறது. மாணவர் கழகங்களில் இந்த ஏற்பாடுகளைச் செய்து பழகிய எங்களுக்கு அதில் பாதிதான் உண்மை என்று படுகிறது. ஆள் வராததற்கும், வந்தவர் பாதியில் எழுந்து போவதற்கும் காரணம் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிக் கிடக்கிறது.

வழக்கமான நிரல் ஒன்றைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழைப்பிதழில் இரவு மணி 8.00. பிரமுகர் வந்துசேராததால் தொடக்கம் 8.15. தேசிய கீதமான நெகாராகூ 2 நிமிடம், பல்கலைக்கழகப் பாடல் 3, தமிழ் வாழ்த்து 3, குத்துவிளக்கு 5, வரவேற்பு நடனம் 6, ஏற்பாட்டுக் குழுத் தலைவர் 6, கழகத் தலைவர் 8, ஆலோசகர் 10, பிரமுகரின் திறப்புரை 15, பேச்சாளர் அறிமுகம் 5. கூட்டினால் 63 நிமிடம். எவருக்காக மண்டபம் எடுத்தோமோ அவர் மைக்கைத் தொடும்போது மணி 9.18. விடுதி மாணவர்களுக்கு அப்போதே பேருந்து நினைப்பு வந்துவிடும். முக்கால் மணி நேரத்துக்குத் தயார் செய்து வந்த மனிதரின் கையில், பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், ‘சீக்கிரம் முடிக்கவும்’ என்று மடித்த துண்டுச்சீட்டு போய்ச் சேரும். கேள்வி நேரம் ‘நேரமின்மை காரணமாக’ ரத்து.

இதே மாலையை 90 நிமிடத்தில் நிறைவாக முடிக்கலாம். 8.15-க்கு நெகாராகூவும் தமிழ் வாழ்த்தும், 5 நிமிடம். கழகத் தலைவரின் வரவேற்பு 3 நிமிடம். அதிலேயே ஆலோசகருக்கும் வந்திருக்கும் பெரியவர்களுக்கும் பெயர் சொல்லி வணக்கம். அறிமுகம் 2 நிமிடம். 8.25-க்கு உரை, 40 நிமிடம். 9.05-க்குக் கேள்விகள், 30 நிமிடம். நன்றியுரை, நினைவுப் பரிசு, படம் எல்லாம் சேர்த்து 10 நிமிடம். 9.45-க்கு முடிந்துவிடும். நடனம் நல்ல கலைதான். அதற்குக் கலை இரவு இருக்கிறது. பொன்னாடை பேச்சாளர் ஒருவருக்கு மட்டும் போதும். ஏழு பேருக்குப் போர்த்தினால் ஏழு முறை கைதட்டல், ஏழு முறை படம். அதிலேயே கால் மணி நேரம் கரைந்துவிடும்.

8.15 என்ற நேரத்துக்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரில் மக்ரிப் எனும் அந்தி நேரத் தொழுகை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் வருகிறது. மண்டபத் தொழில்நுட்பர், பாதுகாவலர், மாணவர் விவகாரப் பிரிவு அதிகாரி ஆகியோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். 7.30-க்குத் தொடக்கம் என்று போட்டால் ஒலிப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர் தொழுகை அறையான சூராவில் இருப்பார். மேலும் மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலை நகராது. பினாங்கில் பட்டர்வொர்த் பக்கமிருந்து பாலம் ஏறி வருபவருக்கும் அதே கதி. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நான்கு, ஐந்து மணிக்குக் கொட்டும் மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சாளர் 7.30-க்கே வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டால் 8.15-க்கு மேடையில் இருப்பார்.

நாள் பார்ப்பதில்தான் பல கழகங்கள் முதல் அடி சறுக்குகின்றன. ஒரு செமஸ்டருக்கு 14 வாரப் பாடம். முதல் மூன்று வாரம் பாடப் பதிவு, புது மாணவர் அறிமுகம் என்று ஓடிவிடும். 7, 8-ஆம் வாரங்களில் இடைத்தேர்வும் விடுமுறையும். 12-ஆம் வாரம் முதல் இடுபணிக் கெடு. மிஞ்சுவது 4 முதல் 6 வரை, 9 முதல் 11 வரை. அதிலும் செவ்வாய், புதன், வியாழன்தான் உருப்படியான நாள்கள். வெள்ளி மாலையில் பாதி விடுதி ஊருக்குப் பேருந்து ஏறிவிடும். ஆக ஒரு செமஸ்டரில் நல்ல மாலைகள் மொத்தம் 18. தீபாவளி, தைப்பூசம், மற்றக் கழகங்களின் நிகழ்ச்சி என்று கழித்தால் பத்து தேறினால் அதிகம். ஆறு உரைக்கு ஆசைப்பட்டு ஆறையும் அரைகுறையாக நடத்துவதைவிட இரண்டை ஒழுங்காக நடத்தலாம்.

தாளில் நடக்கும் வேலைக்கு ஆறு வாரம் வேண்டும். கெர்த்தாஸ் கெர்ஜா எனும் நிகழ்ச்சித் திட்ட அறிக்கையை எழுதி, ஆலோசகர் கையெழுத்து வாங்கி, மாணவர் விவகாரப் பிரிவுக்கு அனுப்பினால், திருத்தச் சொல்லி ஒரு முறையாவது திரும்பி வரும். பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வரவுசெலவுக் கணக்கில் கூட்டல் பிழை, பேச்சாளரின் தன்விவரம் இணைக்காதது, மண்டப முன்பதிவு எண் இல்லாதது. மூன்றையும் முதலிலேயே கவனித்தால் ஒரு வாரம் மிச்சம். அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் சுவரொட்டியைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பரப்பக் கூடாது. வளாகத்துக்கு வெளியிலிருந்து வரும் பேச்சாளர் என்றால் பெயர் தனியாகப் பார்க்கப்படும். பெயர் மாறினால் கெர்த்தாஸ் கெர்ஜாவும் மாற வேண்டும். ஆகவே முதல் பேச்சாளரைக் கேட்கும்போதே மாற்று ஒருவரையும் மனத்தில் வைத்திருங்கள். ஆனால் அவரிடம் ‘இன்னார் வராவிட்டால் நீங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அழைப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். நாள், தொடங்கும் நேரம், பேச வேண்டிய நிமிடம், கேள்விக்கு ஒதுக்கிய நிமிடம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, அவர்கள் எந்தத் துறை மாணவர்கள், உரை தமிழிலா கலந்தா, பதிவு செய்யப்படுமா, பயணச் செலவை யார் ஏற்பது, அன்றிரவு அழைக்க வேண்டிய ஒரே ஒரு தொலைபேசி எண். இவற்றில் பலவற்றை விட்டுவிட்டு ‘தங்களின் மேலான வருகையால் எங்கள் நிகழ்ச்சி சிறக்கும்’ என்று ஒரு பத்தி எழுதுகிறார்கள். அந்தப் பத்தியைப் படித்து எந்தப் பேச்சாளருக்கும் 40 நிமிட உரை உருவாவதில்லை.

உருவாக்குவது தலைப்பு. ‘இளைஞர்களும் எதிர்காலமும்’ என்று கேட்டால் எங்கேயோ பேசியதையே இங்கேயும் பேசிவிட்டுப் போவார். ஒரு பொருளின் கழுத்தைப் பிடித்துக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தில் வேலை செய்தவரிடம் ‘தொழிலாளர் வருகைப் பதிவேடான செக்ரோல் எப்படி எழுதப்பட்டது, அரைப்பேர் போடுவது என்றால் என்ன’ என்று கேட்கலாம். கூட்டுறவு தெரிந்தவரிடம், 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டம் வாங்கிய கணக்கைக் கேட்கலாம். தமிழாய்வாளரிடம் தமிழின் பெருமையைக் கேட்பதைவிட, 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடாமல் கோலாலம்பூரில் ஏன் கூடியது என்று கேட்டால் மண்டபம் நிமிர்ந்து உட்காரும். தலைப்பு குறுகினால் கேள்வி பெருகும் என்பது எங்கள் அனுபவக் கணக்கு.

மண்டபம். இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்ல வருகை. 120 பேர் பதிந்தால் 80 பேருக்கு ஏற்ற விரிவுரை அறையை எடுங்கள். 300 இருக்கை கொண்ட டேவானில் (பெரிய மண்டபத்தில்) 80 பேர் உட்கார்ந்தால் எல்லாரும் பின்வரிசையைத்தான் பிடிப்பார்கள். பேச்சாளர் காலி நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும். பெரிய மண்டபம்தான் கிடைத்தது என்றால் பின் பத்து வரிசைக்குக் கயிறு கட்டிவிடுங்கள், 8.30-க்கு மேல் அவிழ்க்கலாம். குளிர்சாதனத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பல கட்டடங்களில் அது மையக் கட்டுப்பாட்டில், அலுவலக நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். இரவுக்கு வேண்டுமென்றால் பராமரிப்புப் பிரிவுக்குத் தனிக் கடிதம். மண்டப முன்பதிவில் அதுவும் அடக்கம் என்று நினைத்து, மூடிய அறையில் 80 பேர் காகிதத்தால் விசிறிக்கொண்டிருக்கும் காட்சி நடக்காத ஆண்டே இல்லை.

ஒலிதான் எங்களுக்கு மிகவும் பிடித்த சண்டை. கம்பியில்லா மைக்கில் இரண்டு டபுள்-ஏ பேட்டரிகள் இருக்கும். போன நிகழ்ச்சியில் போட்டதை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாலைக்கும் புதிது போடுங்கள், கையிருப்பில் இன்னும் நான்கு. தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரி சட்டென்று நிற்காது. முதலில் சொல்லின் நடுவே விட்டு விட்டு வரும், பேச்சாளர் தம் குரல்தான் சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிப்பார். ‘கூய்ய்’ என்ற ஊளைக்குக் காரணம் எளிது: ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையையே மைக் மறுபடி பிடித்து மறுபடி அனுப்புகிறது. ஆகவே ஒலிபெருக்கிகள் பேச்சாளருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே அவற்றைத் தாண்டி நடந்தால் ஊளை நிச்சயம். தரையில் ஒரு பட்டை நாடா ஒட்டி, ‘இதைத் தாண்ட வேண்டாம் ஐயா’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். கைமைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். மார்புக்கு இறக்கிப் பிடிப்பவருக்காக ஒலியைக் கூட்டினால் ஊளை வரும். பழக்கமில்லாதவருக்கு நிலைத்தண்டில் பொருத்திய மைக்தான் நல்லது. கேள்விக்கு இன்னொரு மைக் தேவை; ஒன்றே கைமாறினால் ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம் மைக் நடந்து போவதிலேயே போய்விடும்.

ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் பேச்சாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, ஒலிக் கலவைப்பெட்டியிலிருந்து நேரடியாக எடுங்கள். பின்வரிசையில் கைத்தொலைபேசியை வைத்து எடுத்தால் குளிர்சாதன இரைச்சலும் பக்கத்திலிருப்பவரின் கெரோபோக் (மீன், இறால் அப்பளம்) நொறுக்கலும்தான் பதிவாகும்.

திரையில் தமிழ் காட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மூத்த பேச்சாளர்கள் சிலரின் கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவர் கணினியில் அழகாகத் தெரியும். மண்டபக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்த குப்பையாகும். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் பிறந்த நாட்டில் இப்படி ஒரு காட்சி! இரண்டு நாள் முன்பே கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். அல்லது அவர் மடிக்கணினியையே இணைக்கலாம். அதற்கு எச்.டி.எம்.ஐ. கம்பியோடு யு.எஸ்.பி.-சி மாற்றியும் வேண்டும். இந்தச் சிறு மாற்றி இல்லாமல் நின்ற நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, பேச்சாளர் வராமல் நின்றவற்றைவிட அதிகம் என்றால் மிகையில்லை.

உணவை முடிவில் வைப்பதா முதலில் வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. முதலில் என்ற கட்சிக்கே பலம் அதிகம். 7.30 முதல் 8.10 வரை கறிபாப், வடை, தேநீர் என்றால் பசியோடு வகுப்பிலிருந்து வருபவர் நேரத்துக்கு வந்துசேர்வார். முடிவில் வைத்தால் கேள்வி நேரத்தில் பின்னால் தட்டும் இடுக்கியும் பேச ஆரம்பித்துவிடும். முடிவில் சூடான தேநீர் மட்டும் மீதி இருக்கட்டும். பேச்சாளரைச் சுற்றிப் பத்து பேர் நிற்க அது போதும். 80 பேருக்கு ஒருவருக்கு 7 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 560 வெள்ளி. பேச்சாளரின் போக்குவரத்து, அவருடைய நூல் ஒன்றோ கைவினைப் பொருளோ நினைவுப் பரிசாக, புதுப் பேட்டரி, அச்சுச் செலவு எல்லாம் சேர்த்தால் 900 வெள்ளிக்குள் அடங்கும். உணவு ஒப்பந்தக்காரரிடம் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாத மீகூன் கோரெங் (வறுத்த அரிசிச் சேமியா) வரும். அதில் காய்ந்த இறாலும் (உடாங் கெரிங்) இறால் விழுதான பெலாச்சானும் இருக்கும். உடாங் கெரிங், பெலாச்சான், முட்டை மூன்றும் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். வெளிக்கடையில் வாங்குவதானால் வளாகத்தின் ஹலால் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சன்மானம் தருவதாக இருந்தால் அது பல்கலைக்கழக நிதிப் பிரிவு வழியாக, பல வாரம் கழித்தே போய்ச் சேரும் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை. வங்கிக் கணக்கு விவரத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் வாரம் ‘ஐயா, உங்கள் கணக்கு எண்’ என்று கேட்பது அழகில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவரை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு நடப்புக்கு வந்ததால், டிக்கெட் எடுத்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருவது வேறு, மேடை ஏறுவது வேறு. எந்த வகை வருகை அனுமதி வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே டிக்கெட். மின்னியல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

உள்ளூர்க்காரரானாலும் வழி சொல்லாமல் விடக் கூடாது. யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்தின் பெயரை நம்பி இறங்குபவர் மலாயாப் பல்கலைக்கழக மண்டபத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்துவிடுவார். அங்கிருந்து பேருந்தோ கிராப் காரோ பிடிக்க வேண்டும். காரில் வந்தால் கே.எல். வாயிலா, பி.ஜே. வாயிலா என்று சொல்லி, வண்டி எண்ணைப் பாதுகாவலரிடம் முன்பே கொடுத்து, ஒரு மாணவர் வாயிலில் நிற்க வேண்டும்.

இனி கேள்வி நேரம். ஒரு மாலையின் தரம் இங்கேதான் தெரியும். ‘கேள்வி உண்டா?’ என்றதும் மண்டபம் அமைதியாகும். நெறியாளர் மூன்று விநாடியில் பதறி ‘சரி, நன்றியுரைக்குச் செல்வோம்’ என்பார். மனத்துக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். ஏழாவதில் ஒரு கை உயரும். உயராவிட்டால் நெறியாளரிடமே இரண்டு கேள்விகள் தயாராக இருக்க வேண்டும், உரையைக் கேட்டு எழுதியவை. கூச்சப்படுபவர்களுக்கு நுழையும்போதே ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும். தமிழில் கேட்கத் தடுமாறும் மாணவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும், நெறியாளர் தமிழில் வாசிக்கலாம். அடுத்து, கேள்வி கேட்க எழுந்து உரையாற்றும் பெரியவர்கள். ‘எனக்கு ஒரு கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று தொடங்கினால் எட்டு நிமிடம் போகும். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் மாணவரே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மருந்து. முரட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் பிடித்த கையை மெல்ல விலக்கிக்கொள்ள முடியும், கொடுத்த மைக்கைப் பிடுங்க முடியாது.

நிகழ்ச்சிக்கு வரும் மாணவருக்குக் கிடைக்கும் மெரிட் புள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருகைப் பதிவுக் கியூ.ஆர். குறியீட்டைத் தொடக்கத்திலேயே காட்டினால் ஸ்கேன் செய்துவிட்டு நழுவுவார்கள். முடிவில் காட்டினால் உடல் மட்டும் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கைக்காக ஆள் சேர்ப்பதைவிட 40 பேர் விரும்பி வருவது மேல் என்பது எங்கள் கட்சி. மாணவர் விவகாரப் பிரிவின் அறிக்கைப் படிவம் அதை ஒப்புக்கொள்ளாது; அது வேறு வழக்கு. பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பெயரும் மெட்ரிக் எண்ணும் (மாணவர் பதிவு எண்) போதும்.

இதையெல்லாம் மாணவர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பாமல் உங்கள் பத்திரிகைக்கு எழுதக் காரணம், பாதித் தீர்வு மாணவர் கையில் இல்லை. நன்கொடை தருபவரும் முன்னாள் மாணவரும் பொது இயக்கத் தலைவரும் ‘இரண்டு வார்த்தை’ பேச விரும்பும்போது, இருபது வயது ஏற்பாட்டுக் குழுத் தலைவரால் மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு நன்கொடை அவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அவர்கள் தாங்களாகவே ‘எனக்குப் பேச்சு வேண்டாம், முதல் வரிசையில் ஓர் இருக்கை போதும்’ என்று அழைப்பிதழ் கிடைத்த அன்றே சொல்லிவிட்டால் 63 நிமிடத்தில் திறப்புரையின் 15 நிமிடம் அந்த ஒரு வாக்கியத்தில் மீண்டுவிடும். பட்டங்களை விரிவாக வாசிக்கச் சொல்வதையும் தவிர்க்கலாம். பதாகையில் மட்டும் மாணவர்கள் கவனமாக இருக்கட்டும்: தமிழில் எல்லாம் ‘டத்தோ’தான் என்றாலும் மலாயில் பட்டத்தின் எழுத்து யார் வழங்கியது என்பதைப் பொறுத்து மாறும். அவரிடமே கேட்டு எழுதுவது நல்லது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இத்தகைய நிகழ்ச்சிகளின் செய்தி வரும்போது மேடையில் இருந்தவர்களின் பெயர் வரிசை முழுவதும் அச்சாகிறது. பேச்சாளர் என்ன சொன்னார் என்பதற்கு இடம் இருப்பதில்லை. பிழை மாணவர்களுடையது, அவர்கள் அனுப்புவதே அப்படித்தான். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே 150 சொல்லில், உரையின் முக்கியமான மூன்று கருத்துகளும் கேட்கப்பட்ட ஒரு நல்ல கேள்வியும் அடங்கிய குறிப்பை, பொன்னாடைப் படத்துக்குப் பதிலாகப் பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும் படத்தோடு கழகங்கள் அனுப்பினால், அதை வெளியிட ஒரு பத்தி இடம் ஒதுக்குவீர்களா? எந்தக் கிழமைக்குள், எந்த அளவில் அனுப்ப வேண்டும் என்று இக்கடிதத்தின் கீழேயே குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாணவர் கழக உரை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் சிலர்,
கோலாலம்பூர்